பழைய ஹெவி டியூட்டி பிக்கப்: டாட்ஜ் கம்மின்ஸா, ஃபோர்டு 7.3 டீசலா, ஸ்கொயர்பாடி செவியா?

நான் இருக்கறது ஒஹையோல, குளிர்காலம் வந்தா ரோடு பூரா உப்ப கொட்டித் தள்ளுவாங்க, அதனால இங்க 30 வருஷத்துக்கு முந்தின டிரக்க தூக்கி நிறுத்தணும்னு நெனைக்கிறவன் எஞ்சினப் பாக்கறதுக்கு முன்னாடி வண்டிக்கு அடில படுத்து தகரம் துருப்பிடிச்சிருக்கான்னுதான் பாக்கணும். ஆனா யாரும் அப்படி வாங்கறதில்ல. எல்லாரும் எஞ்சின் பேரக் கேட்டே மயங்கி வாங்கிடறாங்க, நானும் அப்படித்தான் 1991 டாட்ஜ் வாங்கி ரெண்டு வருஷம் வெல்டிங்லயே கழிச்சேன். அந்த அனுபவத்த வெச்சு டாட்ஜ், ஃபோர்டு, செவின்னு (ஷெவ்ரோலே) மூணு வண்டியையும் பக்கத்துல பக்கத்துல நிறுத்திப் பேசலாம்.

முதல்ல டாட்ஜ். 1989லேர்ந்து 93 வரைக்கும் வந்த டி250, டபிள்யூ250, 350. உள்ள கம்மின்ஸ் 5.9 லிட்டர் 6பிடி, ஆறு சிலிண்டர் வரிசையா, 12 வால்வு, டர்போ. பேப்பர்ல 160 ஹெச்பிதான், ஆனா டார்க் (இழுக்கற சக்தி) 400 பவுண்ட் ஃபீட், அதுவும் 1,700 ஆர்பிஎம் பக்கத்துலயே கெடைச்சிடும். இது பிக்கப்புக்குன்னு செஞ்ச எஞ்சினே இல்ல, டிராக்டர், லாரி, ஜெனரேட்டர்னு ஓடிட்டு இருந்தத கொண்டாந்து பிக்கப்ல வெச்சாங்க. நம்ம ஊர் டாடா லாரிக்கு ஜாம்ஷெட்பூர்ல டாடா கம்மின்ஸ் பண்ணினதும் இதே பி சீரிஸ் குடும்பம்தான், அதனால ஐட்லிங்ல அந்த கடகட சத்தம் கேட்டா எனக்கு ஊர் ஹைவே ஞாபகம் வந்துடும். டைமிங் பெல்ட்டும் இல்ல செயினும் இல்ல, எல்லாம் கியர்தான். குளிர்ல ஸ்டார்ட் ஆக சிலிண்டர சூடாக்கற க்ளோ பிளக்கும் கிடையாது, காத்து உள்ள போற வழில ஒரு ஹீட்டர் க்ரிட் மட்டும். டீசல தெறந்து விடற ஃப்யூல் சொலினாய்டுக்கு ஒரு வயர்ல கரண்ட் போனாப் போதும், எஞ்சின் ஓடிட்டே இருக்கும், கம்ப்யூட்டர் கெட்டுப்போச்சுங்கற பேச்சுக்கே எடமில்ல.

குறை இல்லாம இல்ல. டைமிங் கியர் கேஸ் உக்கார்ற எடத்துல ஒரு சின்ன டவல் பின் (கேஸ சரியான எடத்துல நிறுத்தற இரும்புக் குச்சி) இருக்கு, அதிர்வுல அது மெல்ல வெளிய நகந்து கியருக்குள்ள விழுந்தா கேஸே ஒடஞ்சிடும், அதனாலதான் அதுக்கு கில்லர் டவல் பின்னு பேரு. முன் கவரக் கழட்டி பின்னு மேல ஒரு சின்ன தகடு வெச்சு போல்ட் போட்டு முறுக்கிட்டா அதோட விஷயம் முடிஞ்சுது. வண்டி வாங்கினா மொத வேலை இதுதான், பெயிண்ட்டெல்லாம் அப்புறம். கியர் பாக்ஸ் கெட்ராக் 5 ஸ்பீடா இருந்தா அதுக்கு ஸ்பேர் தேடறது பெரும்பாடு, அதனால நெறைய பேரு என்வி4500ங்கற வேற 5 ஸ்பீடு பாக்ஸுக்கு மாறிடறாங்க, ஆனா அதுலயும் அஞ்சாவது கியர் நட்டு லூசாகி பின்னாடி நகர்ற வியாதி இருக்கு, லாக் ஆகற நல்ல நட்டு போட்டுத்தான் ஏத்தணும். 91 நடுவுக்கு முன்னாடி வந்த ஆட்டோமேட்டிக் மூணே கியர், ஓவர்டிரைவ் கிடையாது, ஹைவேல எஞ்சின் கத்திட்டே வரும்.

இப்ப தகரம். அந்த கேப் (டிரைவர் உக்கார்ற கேபின்) டிசைன் 1972லயே வந்தது. 5 லட்சம் மைல் ஓடின எஞ்சின் நல்லா இருக்கும், அதத் தாங்கற ஃப்ளோர் இருக்காது. எனக்கு வித்தவரு "ரொம்ப சுத்தமான பாடி"ன்னு சொன்னாரு, காந்தம் வெச்சுப் பாத்தா பாதி எடத்துல ஒட்டவே இல்ல, துருவ மறைக்க அவ்வளவு பட்டி பூசியிருக்கு. ராக்கர் (கதவுக்கு அடில வர்ற தகரம்), கேப் கார்னர் மாதிரி துண்டு பேனல் கெடைக்கும், செவிக்கு கெடைக்கற அளவுக்கு எல்லாமே கெடைக்காது. இதுக்கு ஒரு நல்ல வழி இருக்கு: அரிசோனா, நியூ மெக்ஸிகோ மாதிரி காஞ்ச ஊர்லேர்ந்து டாட்ஜோட சின்ன பெட்ரோல் பிக்கப் டி150 ஒண்ணு வாங்குங்க, அதே கேப்தான், கம்மின்ஸ் இல்லாததால யாரும் அதத் தேடறதில்ல. ஸ்டியரிங் பாக்ஸ் உக்கார்ற எடத்துல ஃப்ரேம் விரிசல் விட்டிருக்கான்னும் டார்ச் அடிச்சுப் பாருங்க, முன்னாடி அரை டன் எஞ்சின் உக்காந்திருக்கு.

அடுத்தது ஃபோர்டு. இங்க ரெண்டு வேற வேற டீசல் இருக்கு, ரெண்டுமே 7.3 லிட்டர், ரெண்டுமே இன்டர்நேஷனல் செஞ்சது, அதனால வெறும் 7.3ன்னு விளம்பரம் பாத்து ஏமாந்தவங்க நெறைய. 1988லேர்ந்து 94 வரைக்கும் வந்தது ஐடிஐ (இன்டைரக்ட் இன்ஜெக்ஷன்), 94 நடுவுலேர்ந்து பவர்ஸ்ட்ரோக். ஐடிஐ முழுக்க மெக்கானிக்கல், டர்போ இல்லாததுல 180 ஹெச்பி பக்கம், 21.5க்கு 1னு கம்ப்ரஷன் ஏற்கனவே ஜாஸ்தி, அதனால டர்போ கிட் போட்டாலும் ஓரளவுக்கு மேல பூஸ்ட் ஏத்த முடியாது. இதோட பெரிய வியாதி கேவிடேஷன்: சிலிண்டர் சுவர் அதிர்றப்போ கூலண்ட் பக்கத்துல சின்னச் சின்ன குமிழ் உண்டாகி ஒடையும், ஒடையறப்போ இரும்பயே கொஞ்சம் கொஞ்சமா அரிச்சு கடைசில ஓட்ட போட்டுடும். கூலண்ட்ல எஸ்சிஏன்னு ஒரு கெமிக்கல் கலந்து, டெஸ்ட் ஸ்ட்ரிப் வெச்சு அளவு பாத்துட்டே இருந்தா வராது. முந்தின ஓனர் அத செஞ்சாராங்கறதுதான் கேள்வி, செய்யலன்னா போர் பண்ணி ஸ்லீவ் அடிக்க வேண்டி வரும்.

பவர்ஸ்ட்ரோக் பலமானது, ஆனா இன்ஜெக்டர வேலை செய்ய வெக்கறதே ஹை பிரஷர் எஞ்சின் ஆயில்தான், அத கம்ப்யூட்டர் கன்ட்ரோல் பண்ணும். கேம்ஷாஃப்ட் சுத்தறத கம்ப்யூட்டருக்கு சொல்ற கேம் சென்சார் போனா ஓடற வண்டி அப்படியே நின்னுடும், இத ஓட்டறவங்க க்ளவ் பாக்ஸ்ல ஒரு ஸ்பேர் சென்சாரும் ஸ்பேனரும் வெச்சிருப்பாங்க.

ஃபோர்டுல எனக்குப் புடிச்சது அடி பாகம். பின்னாடி ஸ்டெர்லிங் 10.25 ஆக்ஸில் ஹவுசிங், கியர் பாக்ஸ் இசட்எஃப் 5 ஸ்பீடு, ரெண்டும் கல்லு மாதிரி. முன் ஆக்ஸில்தான் பாத்து வாங்கணும்: 4 வீல் டிரைவ் எஃப்-250ல நடுவுல ரெண்டா மடங்கற டிடிபி ஆக்ஸில், டயர ஒரு பக்கமா தின்னும், கொஞ்சம் ஒசரம் ஏத்தினாலே அலைன்மென்ட் நிக்காது. 86க்கு அப்புறம் வந்த எஃப்-350ல மடங்காத ஒரே துண்டு ஆக்ஸில், டானா 60. வண்டிய ஒசரம் ஏத்தற (லிஃப்ட்) ஆசை இருந்தா காசு கூடக் குடுத்தாவது 350 வாங்குங்க, பின்னாடி மாத்தறதுக்கு அத விட ஜாஸ்தி செலவாகும்.

செவிக்கு வர்றேன். ஸ்கொயர்பாடின்னா சதுரமான பாடி வெச்ச பழைய செவி பிக்கப், 1973லேர்ந்து 87 வரைக்கும், ஒரு டன் க்ரூ கேப் (நாலு கதவு) 91 வரைக்கும் வந்துச்சு. இதோட 6.2 டீசல நான் யாருக்கும் சிபாரிசு பண்ண மாட்டேன், பவர் கம்மி, ப்ளாக்ல மெயின் பேரிங் பக்கம் விரிசல் விடற பழக்கமும் உண்டு. 454 க்யூபிக் இன்ச் பெட்ரோல் எஞ்சின் கேக்க அருமையா இருக்கும், பங்க்ல நிக்கறப்போ அழுக வரும். ஆனா வண்டி? கதவு, ஃபெண்டர், ஃப்ளோர், பெட் சைடு எல்லாமே புதுசா அச்சடிச்சு விக்கறாங்க, கேட்லாக் பாத்து ஆர்டர் பண்ணலாம். கே30ன்னா (ஒரு டன் 4 வீல் டிரைவ் மாடல்) முன்னாடி டானா 60, பின்னாடி 14 போல்ட் ஆக்ஸில், ரெண்டும் ஸ்டாக்காவே வரும். எஞ்சினுக்கு ஸ்கிராப் யார்டுல 2000க்கு அப்புறம் வந்த டிரக்கோட 6.0 லிட்டர் எல்கியூ4 எடுத்தா 300 ஹெச்பி, காலைல செல்ஃப் அடிச்சா உடனே ஸ்டார்ட். எஞ்சின் மாத்தற ஸ்வாப்புக்கு மவுண்ட், வயரிங்னு எல்லாம் ரெடியா கெடைக்குது.

கலிஃபோர்னியால இருந்தா மட்டும் கணக்கு மாறும், அங்க 97 வரைக்கும் வந்த டீசலுக்கு ஸ்மாக் டெஸ்ட் (புகை சோதனை) இல்ல, பெட்ரோலுக்கு 76லேர்ந்தே இருக்கு, அதனால எஞ்சின் ஸ்வாப் பண்ணின ஸ்கொயர்பாடி அங்க தலவலி.

மாடிஃபிகேஷன்ல செலவுக்கு பலன்னு பாத்தா டாட்ஜ் பக்கத்துல யாரும் நிக்க முடியாது. கம்மின்ஸுக்கு டீசல் அனுப்பற பாஷ் விஇ பம்ப்ல ஃப்யூல் பின்ன ஆழமான பக்கம் திருப்பி, ஃபுல் ஃப்யூல் ஸ்க்ரூவ கொஞ்சம் உள்ள விட்டு, கவர்னர் ஸ்பிரிங் மாத்தினா, அரை நாள் வேலைல வேற வண்டி ஓட்டற மாதிரி இருக்கும். எக்ஸாஸ்ட் சூட்ட அளக்கற பைரோமீட்டர் மாட்டாம மட்டும் தொடாதீங்க, எக்ஸாஸ்ட் சூடு தெரியாம மிதிச்சா பிஸ்டன் உருகும். பவர் ஏத்தறதுக்கு முன்னாடி பிரேக் ஏத்துங்க, செவி ஒரு டன் டீசல்ல வந்த ஹைட்ரோபூஸ்ட்ட (பவர் ஸ்டியரிங் ஆயில் பிரஷர்ல பிரேக்குக்கு பலம் குடுக்கறது) டாட்ஜ்ல மாட்டி ஓட்டறவங்க நெறைய பேரு இருக்காங்க, நானும் மாட்டிட்டேன், டிரெய்லர் இழுக்கறப்போ அப்பத்தான் நிம்மதியா இருந்துச்சு.

ஆக மொத வண்டின்னா, வெல்டிங் தெரியாதுன்னா, கே30 எடுங்க. டெய்லி பாரம் இழுக்கணும், பாடி பாக்க சுமாரா இருந்தாலும் பரவால்லன்னா எஃப்-350 ஐடிஐ, ஆனா கூலண்ட் ஹிஸ்டரி கேட்டுட்டு. டாட்ஜ்தான் வேணும்னு மனசு கெடந்து தவிச்சா வாங்குங்க, நான் தடுக்க மாட்டேன், ஆனா துரு இல்லாத கேப் ஒண்ண முதல்ல கொண்டாந்து ஷெட்டுல நிறுத்திட்டு அப்புறமா எஞ்சின் தேடுங்க. எஞ்சின் இன்னும் பத்து வருஷம் கழிச்சும் ஏதாவது பழைய டெலிவரி வேன்லயோ விவசாய மெஷின்லயோ கெடைக்கும், அந்த கேப் கெடைக்காது.