பெர்ஃபொரேஷன் (கிணற்றுக் குழாயில் போடும் ஓட்டை) பார்க்கும் கேமரா சர்வீஸ்: காசுக்குத் தகுமா?

பென்சில்வேனியா மார்செல்லஸ் ஷேல் (களிப்பாறை) கேஸ் கிணறு ஒன்றில் ஃப்ராக், அதாவது மணல் கலந்த தண்ணீரை அந்த ஓட்டைகள் வழியே அழுத்திப் பாறையைப் பிளக்கும் வேலை, முடிந்தபின் குழாயின் பக்கச் சுவரைப் பார்க்கும் கேமரா இறக்கிப் பார்த்தோம். ஐந்தரை அங்குல கேசிங் (கிணற்றுச் சுவராக நிற்கும் இரும்புக் குழாய்), படுக்கைவாட்டில் போகிற கிணறு, அதனால் கேமரா தானாக இறங்காது, காயில்ட் டியூபிங்கில் (சுருளாகச் சுற்றி வைத்த நீளமான இரும்புக் குழாய்) வைத்துத் தள்ள வேண்டியிருந்தது. வாடகையில் பாதி அதற்கே போய்விட்டது.

படம் அருமை. கால் அங்குலத்துக்குச் சற்றே பெரிதாகப் போட்ட ஓட்டை மணல் அரித்து நீள்வட்டமாக, ஒரு பக்கம் மட்டும் வால் இழுத்த மாதிரி விரிந்திருப்பது பளிச்சென்று தெரிகிறது. குழாயின் உள்சுவரை விரல் போன்ற கம்பிகளால் தடவி அளக்கும் கேலிப்பரில் இதெல்லாம் கிடைக்காது, அந்த விரல் ஓட்டையில் சரியாகப் பட்டால்தான் உண்டு. ஒன்று சொல்லணும், ஃப்ராக் படாத இரண்டு மூன்று ஓட்டைகளை ஒப்பிட விட்டு வையுங்கள், இல்லையென்றால் எவ்வளவு அரித்தது என்று எதை வைத்துச் சொல்வீர்கள்? ஓட்டை போடும் வெடிக்கருவியான துப்பாக்கி கேசிங்கின் அடிப்பக்கம் சாய்ந்து கிடப்பதால் மேல் ஓட்டையும் கீழ் ஓட்டையும் தொடக்கத்திலேயே ஒரே அளவில் இருக்காது, அப்புறம் அதையும் அரிப்புக் கணக்கில் சேர்த்துவிடுவார்கள்.

குறை என்றால் தண்ணீர்தான். கலங்கலாக இருந்தால் திரையில் வெறும் பால்வெள்ளை. வந்த குழு வடிகட்டாத தண்ணீரைப் பம்ப் செய்துவிட்டு "கொஞ்சம் பொறுங்க சார், தெளிஞ்சிடும்" என்றது, அரை நாள் அப்படியே போனது. தெளிந்த தண்ணீருக்கு உத்தரவாதம் இல்லையென்றால் அல்ட்ராசவுண்ட் கருவியைக் கேளுங்கள், அதற்குக் கலங்கல் பெரிய தடையில்லை.