ரூபியா, பிளாக்-சின்னா? கழுத்து நிறத்தை நம்பாதீர்கள்

ஆர்க்கிலோகஸ் பேரினத்தில் இருப்பவை இரண்டே ஹம்மிங்பேர்ட் இனங்கள்: ரூபி-த்ரோட்டட் (சிவப்புக் கழுத்து; சுருக்கமாக ரூபி), பிளாக்-சின்ட் (கறுப்பு மோவாய்; சுருக்கமாக பிளாக்-சின்). எடை இரண்டுக்கும் சுமார் 3 கிராம். முதுகு பச்சை, வயிறு வெளுப்பு. குழப்பத்துக்கு இது போதும்.

வட அமெரிக்காவில், மிசிசிப்பி ஆற்றுக்குக் கிழக்கே கூடு கட்டும் ஒரே ஹம்மிங்பேர்ட் ரூபிதான். பிளாக்-சின் மேற்குப் பகுதிப் பறவை. டெக்சாஸ், ஓக்லஹோமாவில் இரண்டின் எல்லைகளும் ஒன்றின் மேல் ஒன்று படிகின்றன. பிளாக்-சின்களில் சில லூசியானாக் கரையோரம் வந்து குளிர்காலத்தைக் கழிப்பதும் உண்டு. அதனால் வரைபடத்தை மட்டும் வைத்து முடிவு கட்ட முடியாது.

ஆண்களில் சிக்கல் வெளிச்சம்தான். கழுத்தின் மினுக்கம் சாயத்தால் வருவதல்ல, இறகின் நுண்ணமைப்பில் ஒளி பட்டுத் திரும்புவதால் வருவது. கோணம் தவறினால் ரூபியின் செக்கச்சிவந்த கழுத்தும் கரிக்கட்டையாகத் தெரியும். உடனே பலர் 'பிளாக்-சின்' என்று எழுதிவிடுகிறார்கள். பறவை தலையைத் திருப்பும்வரை பொறுங்கள். பிளாக்-சின்னில் கறுப்புக்குக் கீழே ஊதாப் பட்டை ஒன்று பளிச்சிடும். ரூபியில் கறுப்பு மோவாயின் மேல்விளிம்போடு நின்றுவிடும், கீழே முழுக்கச் சிவப்பு. திரும்பவே மாட்டேன் என்றால் வாலைப் பாருங்கள்: ரூபி ஆணின் வாலில் பிளவு ஆழம்.

உண்மையான தலைவலி பெண்களும் இளம்பறவைகளும்தான். உச்சந்தலை பிளாக்-சின்னில் சாம்பல் கலந்தும், ரூபியில் பச்சையாகவும் இருக்கும் என்பார்கள். பிளாக்-சின்னின் அலகு சற்று நீளம், லேசாக வளைந்தது என்பார்கள். இரண்டும் உண்மையே. ஆனால் தனியாக வந்த பறவையிடம் 'சற்று' என்பதை எதோடு ஒப்பிடுவது?

அதைவிட உதவுவது வாலசைவு. பூவின் முன் மிதக்கும்போது பிளாக்-சின் வாலை விடாமல் மேலும் கீழும் ஆட்டும். ரூபி பெரும்பாலும் அசைக்காமல் வைத்திருக்கும். காற்றடிக்கும்போதும், வேறொரு ஹம்மிங்பேர்ட் விரட்டும்போதும் ரூபியும் வாலை ஆட்டும். அமைதியாகத் தேன் குடிக்கும் நேரத்தில் பார்த்ததுதான் கணக்கு.

படம் இருந்தால் இறக்கையின் வெளிப்புறக் கடைசிப் பறப்பு இறகுக்குப் போங்கள். பிளாக்-சின்னில் அதன் நுனி அகலமாக, மழுங்கி இருக்கும்; ரூபியில் குறுகிக் கூர்ந்து போகும். வயதுவந்த ஆணில் இது துல்லியம். பெண்ணிலும் இளசிலும் வேறுபாடு குறைவு, ஆனாலும் பயன்படும். பறக்கும்போது எடுக்காதீர்கள், நொடிக்கு 50 முறை போல அடிக்கும் இறக்கையின் நுனி கலங்கித்தான் விழும். கிளையில் அமர்ந்து இறக்கையை மடித்ததும் பக்கவாட்டிலிருந்து எடுங்கள். இறகு தேய்ந்து நுனி சிதைந்திருந்தால் இந்த அடையாளத்தைக் கைவிட வேண்டியதுதான்.

பறவைகளுக்காகத் தொங்கவிடும் தேன்குப்பியில் இரண்டுக்கும் பேதமில்லை: 1 பங்கு வெள்ளைச் சர்க்கரை, 4 பங்கு தண்ணீர். சிவப்புச் சாயமும் தேனும் வேண்டாம்; தேன் கலந்தால் பூஞ்சை சீக்கிரம் பிடிக்கும். வெயில் காலத்தில் இரண்டு நாளுக்கொரு முறையாவது கொட்டிவிட்டுக் குப்பியைக் கழுவுங்கள்.

வாலும் இறகும் வேறுவேறு பதில் சொன்னால், பறவைப் பதிவுத் தளமான ஈபேர்டில் 'ரூபி-த்ரோட்டட்/பிளாக்-சின்ட்' என்ற இரட்டைப் பெயர் இருக்கிறது, அதையே குறியுங்கள்.