குடோன் மென்பொருள் வாங்குமுன் ரிட்டர்னைக் காட்டச் சொல்லுங்கள்

தாராவியில் தைத்து, மும்பைக்கு அருகே பிவண்டி குடோனிலிருந்து ஆன்லைனில் விற்கும் தோல் பை வியாபாரம் எங்களுடையது. மாமா தொடங்கியது, குடோனை நான் பார்த்துக்கொள்கிறேன். முதலில் வாங்கிய மென்பொருளை விட்டு இன்னொன்றுக்கு மாறி, அதில் வருடக்கணக்கில் ஓட்டிவிட்டோம். புதிதாக வாங்க நினைப்பவர்களுக்கு நான் சொல்ல விரும்புவது ஒன்றுதான். டெமோவில் ஆர்டர் வெளியே போவதைக் காட்டுவார்கள். சரி, பாருங்கள். ஆனால் ரிட்டர்ன் உள்ளே வருவதையும் காட்டச் சொல்லுங்கள்.

ஆர்டர் வெளியே போவதை இன்று எல்லா மென்பொருளும் ஓரளவு நன்றாகவே செய்கின்றன. அமேசான், ஃபிளிப்கார்ட், மிந்த்ரா என்று எங்கிருந்து ஆர்டர் வந்தாலும் ஒரே இடத்தில் சேர்த்து, பிக் லிஸ்ட் (ரேக்கிலிருந்து எடுக்க வேண்டிய சரக்குப் பட்டியல்), லேபிள், பில், மேனிஃபெஸ்ட் (கூரியரிடம் ஒப்படைக்கும் பெட்டிகளின் பட்டியல்) எல்லாம் எடுத்துக் கொடுத்துவிடும். வித்தியாசம் தெரிவது சரக்கு திரும்பி வரும்போதுதான்.

ரிட்டர்னில் இரண்டு வகை. வாடிக்கையாளர் வாங்காமலே கூரியர் திருப்பிக் கொண்டுவருவது ஆர்.டி.ஓ. (ரிட்டர்ன் டு ஆரிஜின்). பெரும்பாலும் பிரிக்காத பெட்டி. பார்த்துவிட்டு ரேக்கில் வைக்கலாம். இன்னொன்று, வாங்கிப் பிரித்த பிறகு அனுப்புவது. அதில் கீறல் விழுந்த பை வரும், பட்டை இல்லாத பை வரும், சில சமயம் நம்முடையதே அல்லாத பழைய பை வரும். நாங்கள் முதலில் வைத்திருந்த மென்பொருளில் இரண்டுக்கும் ஒரே பட்டன். அழுத்தியதும் விற்கக்கூடிய ஸ்டாக்கில் ஒன்று கூடிவிடும். கீறல் விழுந்த பை அடுத்த வாடிக்கையாளருக்குப் போகும். அது மோசமான ரேட்டிங்கோடு திரும்பி வரும். நன்றாகத் தைத்த காரிகரின் (கைவினைஞரின்) உழைப்புக்கு அந்த ரேட்டிங் நியாயமே இல்லை. எனக்கு மனம் மிகவும் வலித்தது அதற்குத்தான்.

இப்போது உள்ளதில் கூரியர் லேபிளை ஸ்கேன் செய்தால் அந்த ஆர்டர் திறக்கிறது. போட்டோ எடுக்காமல் அடுத்த படிக்குப் போக விடாது. பிறகு மூன்று வழி: நல்லது, ரிப்பேர், கிளெய்ம் (நஷ்ட ஈடு கேட்பது). ரிப்பேர் என்று போட்டது விற்பனை ஸ்டாக்கில் சேராது. ஜிப் ரன்னர் மாற்றவோ தையல் போடவோ தாராவிக்குத் திரும்பும். கிளெய்ம் என்று போட்டால் போட்டோக்கள் ஆர்டர் எண்ணோடு ஒரே இடத்தில் கிடைக்கும். விற்பவருக்கு நஷ்ட ஈடு தர அமேசானில் சேஃப்-டி கிளெய்ம், ஃபிளிப்கார்ட்டில் எஸ்.பி.எஃப். என்று உண்டு. எதைப் போட்டாலும் கெடுவுக்குள் ஆதாரத்தோடு போட்டால்தான் பணம். மொபைல் கேலரியில் தேடிக்கொண்டிருந்தால் கெடு போய்விடும்.

அடுத்து, ரேக் முகவரி. ஒவ்வொரு தட்டுக்கும் பி-04-2 என்பது போல ஓர் எண். பையன் முதலில் தட்டை ஸ்கேன் செய்ய வேண்டும், பிறகு பையை. தவறானதை எடுத்தால் ஸ்கேனர் கத்தும். எங்களிடம் டேன், காக்னாக் என்று இரண்டு பழுப்பு உண்டு. டியூப்லைட் வெளிச்சத்தில் பழகிய கண்ணுக்கே பிடிபடாது, நேற்று சேர்ந்தவனுக்கு எப்படிப் பிடிபடும்? ஆளின் நினைவை நம்பாமல் வேலை நடப்பதுதான் இதில் பெரிய லாபம். எங்கள் பையன்களில் பலர் உத்தரப் பிரதேசம், பீகார் பக்கம். அதனால் திரை இந்தியில் வருமா என்று முதல் நாளே கேட்டோம். நீங்களும் முதலாளி பார்க்கும் டாஷ்போர்டில் மயங்காமல், பிக்கிங் செய்யும் பையன் கையில் கருவியைக் கொடுத்துப் பாருங்கள்.

மும்பை மழை எங்களுக்குத் தனிக் கவலை. ஜூன் முதல் செப்டம்பர் வரை ஈரக்காற்றில் தோலில் பூஞ்சை பிடிக்கும். சிலிக்கா ஜெல் போட்டாலும், பழைய சரக்கு முதலில் வெளியேற வேண்டும். பல மென்பொருள்கள் காலாவதித் தேதியை வைத்து வரிசை கட்டும். தோலுக்கு அந்தத் தேதியே கிடையாது. உள்ளே வந்த தேதியை வைத்து எடுக்கச் சொல்லுமா என்று கேளுங்கள். நெட் போனால் ஸ்கேன் செய்ததைச் சேமித்து வைத்து, வந்ததும் ஏற்றுமா என்பதையும் கேளுங்கள். மழை நாளில் பிவண்டியில் நெட்டை நம்பி இருக்க முடியாது.

ஜி.எஸ்.டி. பக்கம் சுருக்கமாக. குடோனைக் கூடுதல் வணிக இடமாகப் பதிவில் சேர்த்திருக்க வேண்டும். அமேசான் போன்ற மார்க்கெட்பிளேஸின் கிடங்கில் வேறு மாநிலத்தில், உதாரணமாகக் கர்நாடகத்தில், சரக்கு வைத்தால் அந்த மாநிலத்திலும் பதிவு வேண்டும். இங்கிருந்து அங்கே அனுப்பும் சொந்தச் சரக்குக்கும் வரி பில் வேண்டும். மென்பொருள் இரண்டு ஜி.எஸ்.டி. எண்களைப் பிரித்து வைத்து டாலி கணக்கு மென்பொருளுக்கு அனுப்பினால் கணக்காளர் தலை தப்பும்.

கட்டணம் பெரும்பாலும் ஆர்டர் எண்ணிக்கையை வைத்துத்தான். கேன்சலும் ரிட்டர்னும் அதில் சேருமா என்று எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

மாறும்போது அதிக நேரம் தின்றது பெயர்ப் பொருத்தம். ஒரே பைக்கு மூன்று அடையாள எண்: அமேசானில் ஓர் ஏசின், ஃபிளிப்கார்ட்டில் ஓர் எஃப்.எஸ்.என்., நம்மிடம் ஓர் எஸ்.கே.யூ. இதை உட்கார்ந்து ஒன்றோடொன்று இணைத்தபின்தான் எதுவும் ஓடும். ஒன்று தவறினால் இல்லாத சரக்கு விற்றுப்போகும். தீபாவளி சேல் நெருங்கும்போது இந்த வேலையைத் தொடாதீர்கள். சேல் முடிந்து ரிட்டர்ன் எல்லாம் வந்து அடங்கட்டும். அப்புறம் குடோனை ஒரு முறை முழுதாக எண்ணிவிட்டுத் தொடங்குங்கள்.

இப்போதுள்ளதிலும் ஒரு குறை தீரவில்லை. பெல்ட்டும் பர்ஸும் சேர்ந்த காம்போ பெட்டி அனுப்பி, பர்ஸ் மட்டும் திரும்பி வந்தால் இதற்குப் பிரித்துப் போடத் தெரியாது. கையால் திருத்துகிறோம். பலமுறை சொல்லியும் சரி செய்து தரவில்லை. காம்போ அதிகம் விற்பவர்கள் டெமோவிலேயே அப்படி ஒரு ரிட்டர்னைப் போட்டுக் காட்டச் சொல்லுங்கள்.