மெயில் சர்வர் சான்றிதழ்: இலவசமா, காசு கொடுத்தா, நாமே போட்டுக்கொள்வதா?

நிறுவனத்தின் வெப்சைட்டில் சான்றிதழ் (எதிரில் இருப்பது அசல் சர்வர்தான் என்று உறுதிசெய்யும் டிஜிட்டல் அத்தாட்சி) காலாவதியானால் அன்றைக்கே யாராவது போன் செய்து சொல்லிவிடுவார்கள். மெயில் சர்வரில் அப்படியில்லை. மற்ற சர்வர்கள் மெயிலைக் கொண்டுவந்து தரும் வாசலான 25-ஆம் போர்ட்டுக்கு வரும் வெளி சர்வர்களில் பெரும்பாலானவை சான்றிதழைச் சரிபார்ப்பதே கிடையாது. காலாவதியானதைக் காட்டினாலும் மெயிலைப் போட்டுவிட்டுப் போய்விடும். எச்சரிக்கை வருவது, மெயில் அனுப்பவும் படிக்கவும் 587, 993 போர்ட்டுகளில் இணையும் அவுட்லுக்கிலும் ஊழியர்களின் போனிலும்தான். அதற்கு 'யெஸ் கொடுத்துட்டு வேலையைப் பாருங்க' என்று பழக்கிவிடும் அலுவலகங்களை நினைத்தால் எனக்குப் பயமாக இருக்கிறது. நாளை நடுவில் ஒருவன் புகுந்து போலிச் சான்றிதழை நீட்டினாலும் அதே 'யெஸ்'தான் அழுத்துவார்கள். கடவுச்சொல் அவன் கைக்குப் போய்விடும்.

நாமே கையொப்பமிட்டுப் போட்டுக்கொள்ளும் சான்றிதழை இந்த ஒரு காரணத்துக்காகவே தள்ளிவிடலாம் என்பேன். ஆக்டிவ் டைரக்டரி (அலுவலக விண்டோஸ் கணினிகளை ஒரே இடத்திலிருந்து நிர்வகிக்கும் அமைப்பு) வைத்திருப்பவர்கள் உள்ளுக்குள்ளேயே ஒரு சிஏ (சான்றிதழ் வழங்கும் அமைப்பு) அமைத்து, குரூப் பாலிசி வழியாக எல்லா விண்டோஸ் கணினியையும் அதை நம்பவைக்கலாம். ஆனால் ஊழியரின் சொந்த போன் அந்த வட்டத்துக்குள் வராது. சான்றிதழைச் சரிபார்த்த பிறகே மெயில் தரும்படி மற்ற சர்வர்களுக்குச் சொல்லும் எம்டிஏ-எஸ்டிஎஸ் கொள்கையை 'என்ஃபோர்ஸ்' (கட்டாய) நிலையில் வெளியிட்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்: அதை மதிக்கும் ஜிமெயில் போன்ற சர்வர்கள், பொதுவில் நம்பப்படும் சான்றிதழ் இல்லையென்றால் மெயிலையே தராது. விதிவிலக்கு ஒன்று உண்டு. டிஎன்எஸ் (டொமைன் பெயர்களின் முகவரிப் பட்டியல்) பதிவுகளுக்குக் கையொப்பமிடும் டிஎன்எஸ்செக் போட்டு, சான்றிதழின் அடையாளத்தை அந்த டிஎன்எஸ்ஸிலேயே வெளியிடும் டேன் பதிவு வைத்திருந்தால், சர்வருக்கும் சர்வருக்கும் இடையே சுயசான்றிதழே முறையானதுதான்.

ஆக, உண்மையான போட்டி இலவசமாகச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட்டுக்கும் காசு கொடுத்து வாங்கும் சான்றிதழுக்கும்தான். என்கிரிப்ஷனின் பலத்தில் இரண்டுக்கும் வித்தியாசமில்லை. நிறுவனத்தின் பெயரைச் சரிபார்த்துத் தரும் விலை கூடிய ரகத்தை வாங்கினாலும் அவுட்லுக் அதை யாருக்கும் எடுத்துக் காட்டுவதில்லை. விலை கொடுத்ததில் கிடைத்த பெரிய நிம்மதி, வருடத்துக்கு ஒருமுறை மாற்றினால் போதும் என்பது. அதுவும் போகிறது. 2025 ஏப்ரலில் சிஏக்களும் பிரவுசர் நிறுவனங்களும் சேர்ந்து விதி வகுக்கும் சிஏ/பிரவுசர் ஃபோரம் எடுத்த முடிவின்படி, 398 நாளாக இருந்த உச்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027 மார்ச் 15 முதல் 100 நாள், 2029 மார்ச் 15 முதல் 47 நாள். ஒரு வருடத்துக்குப் பணம் கட்டினாலும் நடுவில் புதிதாக வாங்கிப் பொருத்திக்கொண்டே இருக்க வேண்டும். காலண்டரில் குறித்துவைத்துக் கையால் மாற்றும் முறைக்கு இனி இடமில்லை.

பெரிய பெயர் என்றால் பத்திரம் என்ற நம்பிக்கையும் ஆட்டம் கண்டுவிட்டது. என்ட்ரஸ்ட் பல வருடம் விலை உயர்ந்த சான்றிதழ் விற்ற நிறுவனம். 2024 ஜூனில், அதன் புதிய சான்றிதழ்களை இனி நம்பப்போவதில்லை என்று கூகுள் குரோம் அறிவித்தது.

மெயிலை அனுப்பிப் பெறும் போஸ்ட்ஃபிக்ஸ், அதைப் படிக்கத் தரும் டவ்காட் என்ற நிரல்களை ஓட்டுபவர்களுக்கு லெட்ஸ் என்கிரிப்ட்டே போதும் என்பது என் முடிவு. 90 நாள் ஆயுள், சர்ட்பாட் என்ற கருவி தானாகப் புதுப்பித்துவிடும். ஆனால் சிக்கல் அதற்கு அப்புறம்தான் இருக்கிறது. டிஸ்கில் புதிய கோப்பு வந்திருக்கும். டவ்காட்டோ தொடங்கியபோது படித்த பழையதையே நினைவில் வைத்துக்கொண்டிருக்கும். கோப்பைத் திறந்து பார்த்தால் இன்னும் இரண்டு மாதம் இருக்கிறது, போனில் பார்த்தால் 'காலாவதி' என்கிறது. நிர்வாகி குழம்பிப்போவது இந்த இடத்தில்தான். புதுப்பித்ததும் இரண்டு சேவைகளையும் ரீலோட் செய்யும்படி சர்ட்பாட்டின் டிப்ளாய் ஹுக்கில் ஒரு வரி எழுதிவைத்தால் தீர்ந்தது.

இன்னொரு இடறல், 80-ஆம் போர்ட். டொமைன் நம்முடையதுதானா என்று லெட்ஸ் என்கிரிப்ட் சரிபார்க்க வருவது அதன் வழியாக. மெயில் சர்வரில் அதைத் திறக்க விருப்பமில்லாவிட்டால் டிஎன்எஸ் வழியாக நிரூபிக்கலாம். அதற்காக முழு டொமைனையும் மாற்றக்கூடிய ஏபிஐ சாவியை (நிரல்கள் பயன்படுத்தும் கடவுச்சொல்) மெயில் சர்வரிலேயே வைக்காதீர்கள். சர்வருக்குள் புகுந்தவன் மெயில் எந்த சர்வருக்குப் போக வேண்டும் என்று சொல்லும் எம்எக்ஸ் பதிவையே திருப்பிவிடலாம். சரிபார்ப்புக்கான பெயரை மட்டும் ஒரு சிநேம் பதிவு (ஒரு பெயரை வேறொரு பெயருக்குத் திருப்பும் டிஎன்எஸ் பதிவு) மூலம் டிஎன்எஸ்ஸின் தனி ஸோனுக்குத் தள்ளிவிட்டு, அந்த ஸோனின் சாவியை மட்டும் கொடுப்பது நல்லது.

மைக்ரோசாஃப்ட்டின் மெயில் சர்வரான எக்ஸ்சேஞ்ச் என்றால் என் பதில் மாறும். அங்கே சான்றிதழைப் பொருத்தி எஸ்எம்டிபி (மெயில்), ஐஐஎஸ் (வெப்) சேவைகளுக்கு ஒதுக்குவதோடு வேலை முடியாது. மைக்ரோசாஃப்ட் 365-உடன் ஹைப்ரிடாக இணைத்திருந்தால், இரண்டையும் இணைக்கும் கனெக்டர் அமைப்பில் சான்றிதழை வழங்கியவர் பெயரும் பெற்றவர் பெயரும் சேர்த்து எழுதப்பட்டிருக்கும். லெட்ஸ் என்கிரிப்ட் பல இடைநிலைச் சான்றிதழ்களிலிருந்து மாற்றி மாற்றி வழங்குகிறது. இந்த முறை வழங்கியவராக ஒரு பெயர் வந்தால் அடுத்த முறை வேறு பெயர் வரலாம். பெயர் மாறினால் கனெக்டர் பழையதைத் தேடிக்கொண்டு நிற்கும். விண்டோஸில் சான்றிதழைத் தானாக வாங்கிப் புதுப்பிக்கும் வின்-ஆக்மி போன்ற கருவியோடு ஒரு ஸ்கிரிப்ட் சேர்த்து இதைச் சமாளிக்கலாம். ஸ்கிரிப்ட் எழுத ஆள் இல்லாத அலுவலகத்துக்கு, ஆக்மி (சான்றிதழைத் தானாக வாங்கிப் புதுப்பிக்கும் முறை) வசதி தரும் கட்டண சிஏவும் அவர்களின் தொலைபேசி உதவியும் கொடுத்த காசுக்குத் தகும். ஆக்மி இல்லாத கட்டணச் சான்றிதழை மட்டும் இனி வாங்க வேண்டாம்.

ஒரு டொமைனின் எல்லா உட்பெயர்களுக்கும் பொருந்தும் வைல்ட்கார்டா, பெயர் பெயராகவா என்றால், பெயர் பெயராகவே வாங்குங்கள். ஒரே சாவியை வெப் சர்வரிலும் மெயில் சர்வரிலும் வைத்தால் ஒன்று போனால் இரண்டும் போகும். சான்றிதழில் கட்டாயம் இருக்க வேண்டியது எம்எக்ஸ் பதிவில் உள்ள முழுப் பெயர். டொமைன் பெயர் மட்டும் போதாது. எக்ஸ்சேஞ்சுக்கு, அவுட்லுக் தன் அமைப்புகளைத் தானாகத் தேடிப் போகும் ஆட்டோடிஸ்கவர் பெயரும் சேர வேண்டும். ஜிஎஸ்டி தாக்கலுக்கு வைத்திருக்கும் யூஎஸ்பி டோக்கன் இந்த வேலைக்கு உதவாது. அது வேறு வகைச் சான்றிதழ்.

டேன் வைத்திருப்பவர்கள் சாவியை மாற்றாமல் புதுப்பிக்கும்படி சர்ட்பாட்டிடம் சொல்லிவிடுங்கள். சாவி மாறி, டிஎன்எஸ்ஸில் பழைய சாவியின் ஹேஷ் (கைரேகை போன்ற சுருக்கம்) நின்றால், டேன் பார்க்கும் சர்வர்கள் மெயிலை வரிசையிலேயே வைத்திருக்கும். போஸ்ட்ஃபிக்ஸின் இயல்பு அமைப்பில் 5 நாள் பார்த்துவிட்டு, அனுப்பியவருக்கே திருப்பிவிடும்.

கண்காணிப்பு எந்தத் தேர்வுக்கும் பொது. லெட்ஸ் என்கிரிப்ட் 2025 ஜூனிலிருந்து காலாவதி நினைவூட்டல் மெயில் அனுப்புவதை நிறுத்திவிட்டது. சர்வருக்குள் கோப்பைப் பார்ப்பதில் பயனில்லை. வெளியிலிருந்து 25, 587, 993 மூன்றையும் ஓப்பன்எஸ்எஸ்எல் கட்டளையால் தொட்டு, அவை நீட்டும் தேதியைப் படிக்கும் ஸ்கிரிப்ட்டைத் தினமும் ஓடவிடுங்கள். 25-க்கும் 587-க்கும் ஸ்டார்ட்-டிஎல்எஸ் (சாதாரணமாகத் தொடங்கிய இணைப்பை என்கிரிப்ஷனுக்கு மாற்றுவது) குறிப்பைச் சேர்க்க வேண்டும், 993-க்கு வேண்டாம். முதல் சோதனைகளை லெட்ஸ் என்கிரிப்ட்டின் ஸ்டேஜிங் சர்வரில் செய்யுங்கள். அசல் சர்வரில் அதே பெயர்களுக்கு ஒரு வாரத்தில் 5 சான்றிதழ்தான் கிடைக்கும்.