டிசம்பர் இரண்டாம் வாரம்: போர்டில் ராஜாஜியா, பாரதியா?

சேலத்துப் பள்ளிகளில் 'வரலாற்றில் இந்த வாரம்' போர்டு எழுதுகிறவர்களுக்கு டிசம்பர் 10, 11 வந்தாலே இழுபறிதான். 10 ராஜாஜி பிறந்தநாள் (1878), 11 பாரதி பிறந்தநாள் (1882). எம்.எஸ். சுப்புலட்சுமி மறைந்ததும் 11-ல்தான் (2004). 12 ரஜினி, அதைப் பையன்களே எழுதிக்கொள்வார்கள்.

பாரதி என்றால் வேலை சுலபம். எட்டயபுரம், 1908-ல் புதுச்சேரி, 1921-ல் மறைவு. கூடவே நாலு வரிப் பாட்டு போட்டால் போர்டு நிறைந்துவிடும். எல்லாருக்கும் தெரிந்ததுதான், யாரும் நின்று படிக்க மாட்டார்கள்.

ராஜாஜிக்குக் கொஞ்சம் மெனக்கெட வேண்டும். அவர் பிறந்த தொரப்பள்ளி இன்று கிருஷ்ணகிரி மாவட்டம், அன்று சேலம் ஜில்லா. சேலத்தில் வக்கீலாக இருந்தவர், 1917-ல் நகராட்சித் தலைவரானார். சென்னை மாகாண ஆட்சிக்கு வந்த கையோடு 1937 அக்டோபர் 1-ல் மதுவிலக்கை முதன்முதலில் அமல்படுத்தியது சேலம் ஜில்லாவில்தான். டாஸ்மாக்கைத் தாண்டிப் பள்ளிக்கு வரும் பிள்ளைகளிடம் இதைச் சொல்லிப் பாருங்கள், கேள்வி மேல் கேள்வி வரும். 1938-ல் பள்ளிகளில் கட்டாய இந்தி கொண்டுவந்ததும் அதே ஆட்சிதான். பிறந்தநாள் என்பதற்காக அதை விட்டுவிடக் கூடாது.

என் ஓட்டு ராஜாஜிக்கு. பாரதிக்கு ஓரத்தில் ஒரு வரி போதும்: 1919-ல் அவர் காந்தியைச் சந்தித்தது சென்னையில் ராஜாஜி குடியிருந்த வீட்டில்.