ஃப்ரீமாண்டில் இருபது ஆண்டுகளாக ஒரு ஏ.எம். வானொலிப் பெட்டி

சென்ற மாதம் என் ஏ.எம். (மத்திய அலை) வானொலிப் பெட்டியைப் பழுதுபார்த்தேன். ஒலிக்குமிழைத் திருப்பும்போதெல்லாம் கரகரவென்று சத்தம் எழுந்து, சில இடங்களில் ஒலி முற்றிலும் அடங்கிவிடும். பின்மூடியைக் கழற்றி, குமிழின் அடியிலுள்ள சிறு துளை வழியே மின்தொடுமுனைகளின் அழுக்கை நீக்கும் கான்டாக்ட் கிளீனரைச் செலுத்தி, முப்பது நாற்பது முறை முன்னும் பின்னும் திருப்பியதும் சரியாகிவிட்டது. பேட்டரி வைக்கும் இடத்தில் துருவேறியிருந்த ஒரு ஸ்பிரிங்கையும் மாற்றினேன். டெக்சாசிலிருந்து சான் பிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு அண்மையில் குடிவந்த நண்பர் ஒருவர் இதைக் கேள்விப்பட்டு, தாமும் இப்படி ஒன்று வாங்கலாமா என்று கேட்டார். அவருக்கு எழுதத் தொடங்கிய பதில்தான் இது.

பெட்டியைப் பொறுத்தவரை குறைசொல்ல அதிகம் இல்லை. 2004-இல் இதே வளைகுடாப் பகுதியிலுள்ள ஃப்ரீமாண்டுக்கு வந்த புதிதில் வாங்கினேன். ஆறு பெரிய பேட்டரிகளைப் போட்டால், நாளுக்கு நான்கு மணி நேரம் கேட்டாலும் பல மாதங்கள் தாங்குகின்றன. பேச்சுக் குரலுக்கு ஏற்ற ஒலிபெருக்கி என்பதால், சமையலறைக் குழாயில் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தாலும் சொல் சிதையாமல் காதில் விழும். உள்ளே ஆன்டெனாவாக நீளமான ஃபெர்ரைட் தண்டு இருப்பதால், இரைச்சல் வரும்போது பெட்டியைச் சற்றுத் திருப்பி வைத்தாலே பாதி அடங்கிவிடுகிறது. இரவானதும் லாஸ் ஏஞ்சலீசின் 640, டென்வரின் 850, சால்ட் லேக் சிட்டியின் 1160 ஆகிய அலைவரிசைகள் என் ஜன்னலோரத்திலேயே கிடைக்கும். இந்த விலைக்கு இவ்வளவு நேர்த்தியாகச் செய்யப்பட்ட வேறொரு மின்சாதனம் என் வீட்டில் இல்லை.

இத்தனை ஆண்டுப் பயன்பாட்டில் என்னை விடாமல் உறுத்துவது ஒன்றுதான்: மணிக்கணக்கில் பேசும் இந்தப் பெட்டியில், நான் வாழும் பகுதியின் ஊர்ப்பெயர் ஏறக்குறைய ஒலிப்பதே இல்லை.

முதல் ஏழு ஆண்டுகள் அப்படி இருக்கவில்லை. டம்பார்ட்டன் பாலத்தில் செல்பவர்கள் ஃப்ரீமாண்டை அடுத்த நியூவார்க்கின் கரையோரம் நிற்கும் மூன்று கோபுரங்களைப் பார்த்திருப்பார்கள். அவை 50,000 வாட் சக்தியுள்ள கே.ஜி.ஓ. 810 நிலையத்தின் ஒலிபரப்புக் கோபுரங்கள். 1924-இல் தொடங்கிய அந்த நிலையம், ஏறக்குறைய 30 ஆண்டுகள் வளைகுடாப் பகுதியின் நேயர் கணக்கெடுப்பில் முதலிடத்தில் இருந்தது. அங்கே பேசியவர்கள் இந்த ஊர்க்காரர்கள், தொலைபேசியில் அழைத்தவர்களும் இந்த ஊர்க்காரர்கள். லென் டில்லெம் என்ற வழக்கறிஞர், அழைக்கும் நேயர்களின் சட்டச் சிக்கல்களைப் பொறுமையின்றியும் அன்போடும் கேட்டுப் பதில் சொல்வார். உயில் எழுதாமல் இறந்தால் கலிஃபோர்னியாவில் வீடு என்னவாகும், வீட்டுக்காரர் முன்பணத்தைத் திருப்பித் தராவிட்டால் எந்த நீதிமன்றத்துக்குப் போவது என்பதையெல்லாம், இந்த நாட்டுக்குப் புதியவனான நான் அவருக்கு வந்த அழைப்புகளைக் கேட்டுத்தான் தெரிந்துகொண்டேன். வார இறுதி இரவுகளில் பில் வாட்டன்பர்க் என்ற அறிவியலாளரிடம், வீட்டு மின்கம்பியிலிருந்து கார் எஞ்சின் வரை எதைப் பற்றியும் மக்கள் கேட்பார்கள். மாலையில் ஜீன் பர்ன்ஸ் அரசியலை உரத்த குரலின்றி விவாதிப்பார், சனிக்கிழமைகளில் உணவகங்களைப் பற்றிப் பேசுவார்.

இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து நள்ளிரவுக்குப் பிறகு வீடு திரும்பும் எனக்கு மிக நெருக்கமானவர் ரே டேலியஃபெரோ. 1977 முதல் அந்த நிலையத்தில் இருந்தவர், பின்னிரவு 1 மணியிலிருந்து 5 மணி வரை பேசுவார். கறுப்பினத்தவரான அவர் கோபக்காரர், இடதுசாரிச் சாய்வுள்ளவர். அவர் சொன்னவற்றில் பாதியை நான் ஏற்றதில்லை. ஆயினும் ஹேவர்டிலிருந்து ஒரு செவிலியர், ஓக்லாந்திலிருந்து ஒரு லாரி ஓட்டுநர், பெட்டலுமாவிலிருந்து உறக்கம் வராத ஒரு முதியவர் என்று அழைப்புகள் வந்துகொண்டே இருக்க, இந்த வளைகுடாவைச் சுற்றி எத்தனை பேர் விழித்திருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். நான் ஒருமுறைகூட அழைத்ததில்லை. அழைத்திருக்க வேண்டும் என்று இப்போது தோன்றுகிறது.

2007-இல் டிஸ்னி, கே.ஜி.ஓ. உள்ளிட்ட தன் வானொலி நிலையங்களை சிட்டடெல் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. அந்தப் பேரத்துக்காக ஏற்ற கடனைத் தாங்க முடியாமல் சிட்டடெல் 2009 டிசம்பரில் திவால் மனு தந்தது. 2011 செப்டம்பரில் அதைக் கியூமுலஸ் என்ற மற்றொரு வானொலி நிறுவனம் வாங்கியது. மூன்றே மாதங்களில், டிசம்பரில், டேலியஃபெரோ, பர்ன்ஸ், டில்லெம் உள்ளிட்ட பெரும்பாலான தொகுப்பாளர்கள் நீக்கப்பட்டு, பெரும்பகுதி நேரம் செய்திக்கு ஒதுக்கப்பட்டது. பின்னர் பேச்சு நிகழ்ச்சிகள் ஓரளவு திரும்பின, ஆனால் நேயர்கள் திரும்பவில்லை. 2022 அக்டோபர் 6 அன்று காலை, நடந்துகொண்டிருந்த ஒலிபரப்பு நின்று பணத்தைப் பற்றிய பாடல்கள் ஒலிக்கத் தொடங்கின. சில நாள்களில் அந்த அலைவரிசை, விளையாட்டுப் போட்டிகள் மேல் பணம் கட்டும் பந்தயத்தைப் பற்றிப் பேசும் நிலையமாக மாறியது. விளையாட்டுப் பந்தயம் சட்டப்படி அனுமதிக்கப்படாத மாநிலம் இது. அடுத்த மாதமே அதை அனுமதிக்கக் கோரிய இரு முன்மொழிவுகளையும் கலிஃபோர்னிய வாக்காளர்கள் தோற்கடித்தார்கள். இந்த ஊரை அறிந்த ஒருவரிடம் கேட்டிருந்தால் அப்படி ஒரு முடிவை எடுத்திருப்பார்களா என்று இன்றும் எனக்கு ஆற்றாமையாக இருக்கிறது.

இதன் வேர் 1996-ஆம் ஆண்டின் தொலைத்தொடர்புச் சட்டத்தில் இருக்கிறது. அதுவரை ஒரு நிறுவனம் நாடு முழுவதும் 40 நிலையங்களுக்கு மேல் வைத்திருக்க முடியாது. அந்த வரம்பு நீங்கியதும் கிளியர் சேனல் என்ற ஒரே நிறுவனம் 1,200-க்கும் மேற்பட்ட நிலையங்களைச் சேர்த்தது. கடன் வாங்கிச் சேர்த்த நிலையங்கள் கடனுக்கு வட்டி கட்ட உழைக்க வேண்டியிருக்கிறது. உள்ளூர்ப் பேச்சு நிகழ்ச்சிக்குத் தொகுப்பாளர், தயாரிப்பாளர், அழைப்புகளை வடிகட்டுபவர், பொறியாளர் என்று நான்கு சம்பளம் வேண்டும். செயற்கைக்கோள் வழியே வரும் நாடு தழுவிய நிகழ்ச்சியையோ, அதன் இடையே சில நிமிட விளம்பர நேரத்தை விட்டுக்கொடுத்தால் பெரும்பாலும் பணம் தராமலே பெறலாம். கணக்குப் பார்ப்பவர் எதைத் தேர்ந்தெடுப்பார் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. இரவில் என் பெட்டியின் முள்ளை நகர்த்தும்போது, வெவ்வேறு மாநிலங்களின் நிலையங்களில் ஒரே மனிதரின் ஒரே வாக்கியம் ஒரு நொடி முன்பின்னாகக் கேட்கிறது. தொலைதூர நிலையங்களை இவ்வளவு தெளிவாகப் பிடிக்கும் ஒரு கருவிக்கு இதைவிட வருத்தமான பயன் வேறில்லை.

நியாயமாகவும் பேச வேண்டும். எல்லாப் பழியையும் முதலாளிகள் மேல் போட முடியாது. 2008 வாக்கில், எந்த நிலையத்தைக் கேட்டோம் என்று நேயர்கள் கையால் எழுதும் நாட்குறிப்புக்குப் பதிலாக உடலில் அணியும் அளவீட்டுக் கருவி இங்கே வந்தபோது, கே.ஜி.ஓ.வின் முதலிடம் பறிபோனது. அப்போது கியூமுலஸ் வரவேயில்லை. நேயர்களுக்கு வயதாகிக்கொண்டிருந்தது, விளம்பரதாரர்கள் 25 முதல் 54 வயதினரையே தேடினார்கள். எல்.இ.டி. விளக்குகளும் சார்ஜர்களும் ஏ.எம். ஒலியைக் கெடுக்கின்றன, சில கார் நிறுவனங்கள் ஏ.எம். வசதியையே நீக்கிவிட்டன. இவற்றையெல்லாம் ஏற்கிறேன். ஆனால் வடக்கு டகோட்டாவின் மைனாட் நகரை நினைத்தால் என் நிதானம் குறைந்துவிடுகிறது. 2002 ஜனவரி 18 பின்னிரவில் அங்கே ரயில் தடம்புரண்டு அம்மோனியா வாயு ஊரைச் சூழ்ந்தது. ஒருவர் இறந்தார், பலர் பாதிக்கப்பட்டார்கள். அந்நகரின் ஆறு வணிக வானொலி நிலையங்களும் கிளியர் சேனலுக்கே சொந்தம். காவல்துறையினர் தொலைபேசியில் அழைத்தும் நிலையத்தில் ஆளைப் பிடிக்க முடியவில்லை. அவசர எச்சரிக்கைக் கருவியைக் காவல்துறை முறையாகப் பயன்படுத்தவில்லை என்று நிறுவனம் விளக்கம் தந்தது. அதில் உண்மையும் இருக்கலாம். ஹேவர்ட் நிலப்பிளவுக்கு மிக அருகே வசிக்கும் எனக்கு, நிலம் நடுங்கும் இரவில் 810-ஐத் திருப்பினால் விழித்திருக்கும் ஒருவர் இருப்பார் என்ற நம்பிக்கை முன்பு இருந்தது.

பெட்டி சரியான மறுநாள் சனிக்கிழமை. காலை 6 மணி முதல் நண்பகல் வரை ஒரு வணிகப் பேச்சு நிலையத்தைக் கேட்டபடி, வளைகுடாப் பகுதியின் ஊர்ப்பெயர்கள் வரும்போதெல்லாம் தாளில் குறித்துக்கொண்டேன். விளம்பரங்களைத் தவிர்த்தால் ஐந்து பெயர்கள் தேறின. ஐந்தும் மணிக்கொருமுறை வந்த சுருக்கச் செய்தியிலும் சாலை நிலவரத்திலும் ஒலித்தவை. மற்ற நேரமெல்லாம் ஓய்வூதிய முதலீடு, மூட்டுவலி மாத்திரை ஆகியவற்றை விற்பவர்கள் நிலையத்துக்குப் பணம் கட்டி ஒலிபரப்பும் நிகழ்ச்சிகள். ஒரு நிகழ்ச்சியில், இப்போதே அழையுங்கள் என்று எண் தந்தார்கள். இருபது ஆண்டுகளில் முதன்முறையாக ஒரு வானொலி நிகழ்ச்சியை அழைத்தேன். எடுத்தவர் வேறொரு மாநிலத்தில் இருந்த விற்பனையாளர்; நிகழ்ச்சி எப்போதோ பதிவானது என்றும், தாம் அதைக் கேட்டதில்லை என்றும் மரியாதையாகச் சொல்லி, என் வயதைக் கேட்டார்.

ஆகவே நண்பருக்கு என் பதில்: பெட்டி மிகச் சிறந்தது, வாங்க வேண்டாம். பொது வானொலியான கே.க்யூ.இ.டி. 88.5-இல் வார நாள் காலைகளில் ஃபோரம் என்ற நிகழ்ச்சி வருகிறது. அதில் இன்றும் இந்த ஊர் மக்கள் அழைத்துப் பேசுகிறார்கள். அது எஃப்.எம்.; அதைக் கேட்க எந்தச் சாதாரணப் பெட்டியும் போதும், கைப்பேசியும் போதும். நிலநடுக்கத்துக்கென்று ஒன்று வேண்டுமானால், கையால் சுழற்றி மின்னேற்றும் சிறு வானொலியே நல்லது.

அப்படியானால் உங்களுடையதை எனக்குக் கொடுத்துவிடுங்கள் என்று அவர் கேட்டார். கொடுக்க மனம் வரவில்லை. புதிய பேட்டரிகள் போட்டு, சமையலறை ஜன்னலோரம் பழைய இடத்திலேயே வைத்திருக்கிறேன். முள் 810-இல் நிற்கிறது.