டேட்டா விஷுவலைசேஷன் துறையின் நிலவரம்: யாரிடம் கேட்பது, எப்படிக் கேட்பது?

தரவைச் சார்ட்டாகவும் படமாகவும் காட்டும் இந்தத் துறையில் இருப்பவர்கள் என்ன சம்பளம் வாங்குகிறார்கள், எந்தக் கருவியில் வேலை செய்கிறார்கள், எதில் மாட்டிக்கொண்டு முழிக்கிறார்கள் என்று தெரிய வேண்டுமா, ஒரு சர்வே எடுத்துவிடலாம் என்று எல்லோரும் சட்டென்று சொல்லிவிடுவார்கள். சரி, யாரிடம் எடுப்பது? டாக்டர், வக்கீல் என்றால் பதிவேடு இருக்கிறது, அதில் குலுக்கல் முறையில் ஆயிரம் பேரை எடுத்துவிடலாம். சார்ட் போடுகிறவர்களுக்கு அப்படி ஒரு பட்டியலே கிடையாது. அமெரிக்க அரசின் தொழில் வகைப்பாட்டில் டேட்டா சயின்டிஸ்டுக்கே 2018 திருத்தத்தில்தான் தனி எண் கிடைத்தது. விஷுவலைசேஷன் ஆள் அதில் அனலிஸ்ட், கிராஃபிக் டிசைனர், வெப் டெவலப்பர் என்று வெவ்வேறு பெட்டிகளில் சிதறிக் கிடக்கிறார். அதனால் அரசுப் புள்ளிவிவரத்தை இப்போதே தள்ளி வைத்துவிடலாம். மீதி வழிகளைப் பார்ப்போம்.

எல்லோருக்கும் தெரிந்த வழி, லிங்க்கைப் பொதுவில் போட்டு, விருப்பமுள்ளவர்கள் நிரப்பட்டும் என்று விடுவது. இதே துறைக்காரரான எலைஜா மீக்ஸ் 2017-ல் இப்படித்தான் ஆரம்பித்தார், 2019-ல் டேட்டா விஷுவலைசேஷன் சொசைட்டி என்ற துறைக்காரர்கள் சங்கம் உருவானதும் அந்தப் பழக்கம் அங்கே ஆண்டுதோறும் நடக்கும் சர்வேயாகத் தொடர்ந்தது. இதில் எனக்கு மிகவும் பிடித்த விஷயம், பதில்களை மூலத் தரவாகவே பொதுவில் கொடுத்துவிடுவது. அவர்கள் போட்ட சார்ட்டை நம்ப வேண்டியதில்லை, நாமே இறக்கி, ஃப்ரீலான்சர்களை மட்டும் பிரித்துப் பார்த்துக்கொள்ளலாம். செலவும் குறைவு. பதவிப் பெயரில் விஷுவலைசேஷன் என்ற சொல்லே இல்லாத ஆட்களும் உள்ளே வருவார்கள்.

குறை என்ன என்பதும் எல்லோருக்கும் தெரியும், ஆனாலும் முடிவைப் படிக்கும்போது மறந்துவிடுகிறார்கள். சர்வே லிங்க் யார் கண்ணில் படுமோ அவர்கள்தான் பதில் சொல்வார்கள். நூலக வாசலில் நின்றுகொண்டு வாசிக்கும் பழக்கம் உண்டா என்று கேட்பது மாதிரி. நாள் முழுக்க எக்செல்லில் சார்ட் போட்டு மேலதிகாரிக்கு அனுப்பும் கணக்குப் பிரிவு ஊழியர் தன்னை இந்தத் துறைக்காரர் என்றே நினைப்பதில்லை, அவர் அந்த லிங்க்கைத் திறக்கப்போவதும் இல்லை. ஆள் எண்ணிக்கையைக் கூட்டினால் சரியாகிவிடும் என்று ஒரு நினைப்பு உண்டு. 1936 அமெரிக்க அதிபர் தேர்தலில் யார் ஜெயிப்பார் என்று கேட்ட லிட்டரரி டைஜஸ்ட் பத்திரிகைக்கு 20 லட்சத்துக்கும் மேற்பட்ட பதில் அட்டைகள் வந்தன. லாண்டன் ஜெயிப்பார் என்றது பத்திரிகை, 48 மாநிலங்களில் 46-ஐ ரூஸ்வெல்ட் அள்ளிக்கொண்டு போனார். அதைவிட மிகச் சின்ன மாதிரியை வைத்துக்கொண்டு கருத்துக்கணிப்பாளர் ஜார்ஜ் கேலப் ஜெயிப்பவரைச் சரியாகச் சொன்னார். அதனால் திறந்த சர்வே முடிவுக்குக் கீழே "பிழை வரம்பு 3 சதவீதம்" என்று யாராவது போட்டிருந்தால் எனக்குச் சிரிப்புத்தான் வரும். அந்தக் கணக்கு ஆயிரம் பேரைக் குலுக்கி எடுத்தால் பொருந்தும். தாங்களாக வந்தவர்களுக்குப் பொருந்தாது.

சர்வேக்குப் பதில் சொல்ல ஆட்களைச் சேர்த்து வைத்திருக்கும் பேனல் நிறுவனத்திடம் காசு கொடுத்து ஆள் வாங்குவது அடுத்தது. இதைப் பற்றி அதிகம் பேச வேண்டாம். பதிலுக்குப் பணம் உண்டு என்றால், "உங்கள் வேலையில் விஷுவலைசேஷன் உண்டா" என்ற முதல் கேள்விக்கு ஆம் சொல்ல எல்லோருக்கும் காரணம் இருக்கிறது. பொதுமக்கள் கருத்துக்கு அது உதவலாம், இப்படிச் சிறிய துறைக்குக் கடைசி இடம்தான் கொடுப்பேன்.

பட்டியலே இல்லாத கூட்டத்தை எட்டுவதற்கென்றே ஒரு முறை இருக்கிறது. சமூகவியலாளர் டக்ளஸ் ஹெக்கத்தான் 1997-ல் எழுதியது, எச்ஐவி தடுப்பு ஆய்வில் ஊசி மூலம் போதைப்பொருள் எடுப்பவர்களை எட்டுவதற்காக வந்தது. முதலில் சிலரைப் பிடித்து, ஒவ்வொருவரிடமும் மூன்று கூப்பன் போலக் குறைவாகக் கொடுத்து, தெரிந்தவர்களை அழைத்துவரச் சொல்வது. யாருக்கு எத்தனை பேரைத் தெரியும் என்பதையும் கேட்டுவைத்து, பிறகு கணக்கில் நிறையப் பேரைத் தெரிந்தவரின் பதிலுக்குக் குறைந்த எடை கொடுப்பார்கள். நம் துறைக்கு இது கேட்க நன்றாக இருக்கிறது, ஆனால் செய்தி நிறுவனங்களில் கிராஃபிக்ஸ் செய்பவர்கள் ஒருவரையொருவர் நன்றாகவே அறிவார்கள், ஒரு பெரிய கம்பெனியின் மூலையில் தனியாக டேஷ்போர்டு (பல சார்ட்டுகளை ஒரே திரையில் காட்டும் பக்கம்) செய்துகொண்டிருப்பவருக்குச் சக தொழிலாளி என்று யாரையுமே தெரியாது. சங்கிலி அவரிடம் போய்ச் சேராது, சேர்ந்தாலும் அங்கேயே அறுந்துவிடும்.

யாரிடமும் கேட்காமல் வேலை விளம்பரங்களைத் திரட்டி எண்ணுவது இன்னொரு வழி. கருவிகளைப் பற்றி மட்டும் தெரிய வேண்டுமானால் இது நல்ல போட்டியாளர். ஒரு விளம்பரத்தைக் கிட்டத்தில் படித்தால் குட்டு வெளிப்படும்: "டேப்லோ அல்லது பவர் பிஐ, எஸ்க்யூஎல், பைத்தான், டி3 தெரிந்திருந்தால் கூடுதல் சிறப்பு" என்று இருக்கும். டேப்லோ, பவர் பிஐ இரண்டும் சார்ட் போடும் மென்பொருள்கள். அந்த "அல்லது" வந்ததும் இரண்டு கருவிக்கும் தலா ஒரு எண்ணிக்கை விழும், அந்த அலுவலகத்தில் இருப்பது ஒன்றே ஒன்றாக இருந்தாலும். கோடு எழுதிச் சார்ட் போடும் டி3 அங்கே வெறும் ஆசைப்பட்டியல். எக்செல்லோ தெரிந்ததுதானே என்று பல இடங்களில் எழுதப்படுவதே இல்லை. ஃப்ரீலான்சர்கள் மொத்தமாக விடுபட்டுப் போவார்கள்.

கடைசியாக, உட்கார்ந்து பேசுவது. கெஸ்ட், பன்ஸ், ஜான்சன் என்ற ஆய்வாளர்கள் மூவரும் 2006-ல் 60 நேர்காணல்களை அலசி, முக்கியமான கருத்துகள் பெரும்பாலும் முதல் 12-லேயே வந்துவிட்டன என்று காட்டினார்கள். இதைச் சொல்லி 12 பேரோடு நிறுத்திக்கொள்பவர்கள், அது ஓரளவு ஒரே மாதிரியான ஆட்களுக்குத்தான் என்பதை விட்டுவிடுகிறார்கள். நம்மிடம் பத்திரிகைக்காரர், கம்பெனி டேஷ்போர்டுக்காரர், ஆராய்ச்சியாளர், ஃப்ரீலான்சர் என்று குறைந்தது நான்கு உலகம் இருக்கிறது, ஒவ்வொன்றுக்கும் தனியாகப் பேச வேண்டும். ஆனால் "நேரம் போதவில்லை" என்று சர்வேயில் டிக் அடித்தவர், பேச உட்கார்ந்தால்தான் தரவைச் சுத்தம் செய்வதிலேயே பாதி நாள் போகிறது என்று சொல்வார். அதை எந்த எண்ணும் தராது.

அப்புறம், எந்த வழியை எடுத்தாலும் கேள்வி எழுதுவதில் கோட்டை விட்டால் மற்றதெல்லாம் வீண். பயன்படுத்தும் கருவிகள் அனைத்தையும் டிக் செய்யுங்கள் என்று நீளப் பட்டியல் கொடுப்பதைவிட, ஒவ்வொன்றுக்கும் ஆம், இல்லை என்று கேட்டால் அதிகம் பேர் ஆம் சொல்கிறார்கள். 2006-லேயே சோதித்துக் காட்டப்பட்ட விஷயம் இது. ஒரு வருடம் டிக், அடுத்த வருடம் ஆம்/இல்லை என்று மாற்றிவிட்டு, பயன்பாடு ஏறிவிட்டது என்று கோடு வரைந்தால் அந்த ஏற்றம் படிவத்தினுடையது. மாறாத கேள்வி பத்து இருந்தால் அதுவே பெரிய சொத்து.

என்னைக் கேட்டால், திறந்த சர்வேதான். போட்டியில் அது சிறந்தது என்பதால் இல்லை, பட்டியல் இல்லாத இடத்தில் அதன் குறை மட்டும்தான் வெளிப்படையாகத் தெரிகிறது. லிங்க் எங்கிருந்து கிடைத்தது என்று ஒரு கேள்வி கட்டாயம் வேண்டும். ஒரே சமூகத்திலிருந்து பாதிப் பேர் வந்திருந்தால் முடிவை அந்தச் சமூகத்தின் பெயரில்தான் எழுத வேண்டும். சம்பளத்துக்குச் சராசரி வேண்டாம், நாடு வாரியாக இடைநிலை (வரிசைப்படுத்தினால் நடுவில் வரும் எண்) போதும். பதில் சொன்னவர்களில் பேசத் தயாராக இருப்பவர்களை ஒவ்வொரு உலகத்திலிருந்தும் சிலராக அழைத்துப் பேசுங்கள், கருவிகளுக்கு மட்டும் விளம்பர எண்ணிக்கையைப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். மூலத் தரவை வெளியிடும்போது நாடு, பதவி, அனுபவம், சம்பளம் நான்கையும் அப்படியே ஒன்றாகக் கொடுத்துவிடாதீர்கள். ஒரே ஒருவர் மட்டும் பதில் சொன்ன நாடாக இருந்தால் அவர் யாரென்று கண்டுபிடிக்க இந்த நான்கு கட்டமே போதும்.